யாருக்குக் கீழே?

ஒரு வார்த்தையோடு எனக்குச் சண்டை. ரொம்ப நாள் சண்டை. இந்த வாரம் அதை உங்கள் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த வார்த்தை, ‘கீழ்நிலைத் தாவரம்’.

தாவரவியல் படித்தவர்களுக்குப் பழகின சொல்தான். பாசி, மாஸ், பெரணி எல்லாம் கீழ்நிலை. மா, வேம்பு, நெல், ரோஜா எல்லாம் உயர்நிலை. படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். ‘லோயர் பிளான்ட்ஸ்’, ‘ஹையர் பிளான்ட்ஸ்’ என்று இங்கிலீஷில் வந்து விழும். அங்கிருந்து தமிழுக்கு வந்த சரக்கு அது.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால், ‘கீழ்’ என்ற சொல் இந்த ஊரில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒருத்தரைக் கீழே வைத்துவிட்டால், அதற்கப்புறம் அவர் என்ன செய்தாலும் கண்ணில் படாது. அதுதான் அந்தச் சொல்லின் வேலை. செடி விஷயத்திலும் அது அதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

சும்மா சொன்னால் எப்படி? சாட்சி வேண்டாமா? கொண்டுவந்திருக்கிறேன். செத்து 40 கோடி வருஷத்துக்கு மேல் ஆன ஒரு செடி. பெயர், ரைனியா.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்தீன்ஷயரில், ரைனி என்று ஒரு கிராமம். அந்தப் பக்கமெல்லாம் வயலுக்கு வயல் கல்லடுக்குச் சுவர்கள். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் கிடையாது. வயலில் கிடக்கிற கல்லைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். ஆடு மாடு தாண்டாமல் இருந்தால் சரி. வில்லியம் மேக்கி என்று ஒரு டாக்டர். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் எல்ஜின் என்ற ஊரில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். நேரம் கிடைத்தால் சுத்தியலை எடுத்துக்கொண்டு கல் பார்க்கக் கிளம்பிவிடுவார். 1910-க்கும் 1913-க்கும் நடுவே அப்படி அலைந்தபோது, அந்தச் சுவர்களிலும் வயல்களிலும் கிடந்த ஒரு வகைக் கல் அவருக்கு வித்தியாசமாகப் பட்டது. கெட்டியான, கண்ணாடி மாதிரி உடைகிற கல். ‘செர்ட்’ என்பார்கள்.

அதை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். உள்ளே செடி. அச்சு இல்லை, நிழல் இல்லை... முழுசாகச் செடி! குறுக்கே வெட்டினால் தண்டின் வட்டம் தெரிந்தது. வட்டத்துக்குள் செல் செல்லாகத் தெரிந்தது.

எப்படி? அந்த இடம் ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றுப் பிரதேசம். இன்றைக்கு அமெரிக்காவில் யெல்லோஸ்டோனில் கொதிக்கிறதே, அந்த மாதிரி. அப்போது ஸ்காட்லாந்து இன்றைக்கு இருக்கிற இடத்திலேயே இல்லை; பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிடந்தது. ஊற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா, அக்கம்பக்கத்துச் செடிகளின் மேல் பாய்ந்து, அழுகுவதற்கு முன்பே செல்லுக்குள் புகுந்து கல்லாகிவிட்டது. காலம், சுமார் 40 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால். டைனோசர் வர இன்னும் 16 கோடி வருஷத்துக்கு மேல் இருக்கிறது. பூ என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. விதைகூட இல்லை.

அந்தக் கல்லை ஆராய்ந்தவர்கள் இரண்டு பேர். ராபர்ட் கிட்ஸ்டன், வில்லியம் ஹென்றி லாங். 1917-லிருந்து 1921 வரை ஐந்து பெரிய கட்டுரைகளாக எடின்பர்க் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார்கள். ஐரோப்பாவே பதுங்குகுழியில் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் இந்த வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் செடிக்கு ஊரின் பெயரையும், 1915-ல் இறந்துபோன தாவரவியலாளர் க்வின்-வானின் பெயரையும் சேர்த்து, ‘ரைனியா க்வின்-வானியை’ என்று வைத்தார்கள்.

ஆள் எப்படி இருப்பார்? உயரம் ஒரு சாண். அதாவது, சுமார் 20 சென்டிமீட்டர். தண்டின் பருமன் இரண்டு மூன்று மில்லிமீட்டர். வேர் கிடையாது, தரையோடு படர்ந்த தண்டில் மயிர் மாதிரி சில இழைகள், அவ்வளவுதான். இலை கிடையாது. மொட்டைக் குச்சி. அது இரண்டாகப் பிரியும். அது மறுபடி இரண்டாகப் பிரியும். நுனியில் சின்னதாக ஒரு பை. அதில் தூள் மாதிரி ஸ்போர்கள்.

‘ப்பூ... இவ்வளவுதானா? இதைக் கீழ்நிலை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வதாம்?’

அவசரப்படாதீர்கள். இப்போதுதான் விசாரணையே ஆரம்பம்.

தண்ணீருக்குள் இருக்கிற பாசிக்கு என்ன கவலை? நாலு பக்கமும் தண்ணீர். தாகம் இல்லை, காய்ந்துபோகிற பயம் இல்லை. உடம்பைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. பிள்ளைகளை அனுப்பவும் தண்ணீரே வண்டி. அதே உயிரைக் கரையில் தூக்கிப் போடுங்கள். ஒரே வெயிலில் கருவாடு.

கரையில் வாழ வேண்டுமானால் நாலு காரியம் ஆக வேண்டும். முதலாவது, உடம்பில் இருக்கிற ஈரம் ஓடிப்போகாமல் இருக்க மேலே ஒரு மெழுகுப் பூச்சு வேண்டும். இரண்டாவது, மெழுகு பூசிவிட்டால் மூச்சு எங்கே விடுவது? அதற்கு, தேவையானபோது திறந்து, தேவையில்லாதபோது மூடுகிற துளைகள் வேண்டும். மூன்றாவது, அடியில் இருக்கிற தண்ணீரை நுனிக்கு ஏற்றக் குழாய் வேண்டும். உறிஞ்சும்போது குழாய் சப்பிப்போகாமல் இருக்க அதன் சுவருக்கு முட்டுக்கொடுத்திருக்க வேண்டும். நாலாவது, பிள்ளைகளைக் காற்றில் அனுப்ப, காய்ந்தாலும் சாகாத கெட்டித் தோல் போட்ட ஸ்போர் வேண்டும்.

ரைனியாவிடம் நாலும் இருந்தது. தண்டின்மேல் கியூட்டிக்கிள் என்கிற மெழுகுத்தோல் இருந்தது. இரண்டு காவல் செல்களோடு ஸ்டொமேட்டா இருந்தது. நட்ட நடுவில் நூல் மாதிரி ஒரு தண்ணீர்க் குழாய்க் கொத்து. அதன் செல்களுக்கு உள்சுவரில் சுருள் சுருளாகத் தடிப்பு. நுனியில் கெட்டித்தோல் ஸ்போர்.

இப்போது உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற கறிவேப்பிலைச் செடியிடம் போங்கள். இலையைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறதே, அது கியூட்டிக்கிள். அடிப்பக்கம் ஸ்டொமேட்டா. உள்ளே சைலம். 40 கோடி வருஷத்துக்கு அப்புறமும் அதே ஏற்பாடு. குழாயின் டிசைன் மாறியிருக்கிறது. மேலே வேர், இலை, பூ, காய் என்று மாடி கட்டியிருக்கிறார்கள். ஆனால், அஸ்திவாரம் அதேதான். அஸ்திவாரம் பூமிக்குக் கீழே இருக்கிறது என்பதற்காக அதைக் ‘கீழ்நிலை’ என்று ஏளனமாகச் சொல்கிற கொத்தனார் யாராவது உண்டா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் ரைனியாதான் முதலில் கண்டுபிடித்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கும் முந்தியது குக்ஸோனியா. செக் நாட்டில் கிடைத்த ஒரு குக்ஸோனியாவின் வயது 43 கோடி வருஷத்துக்கும் மேல் என்று 2018-ல் அறிவித்தார்கள். ஆனால், குக்ஸோனியா பெரும்பாலும் கல்லில் பதிந்த கரி அடையாளமாகத்தான் கிடைக்கிறது. உடலைத் திறந்து ஒவ்வொரு செல்லாகக் காட்டிய சாட்சி ரைனிக் கல்தான்.

அந்தக் கல்லில் இன்னொரு சமாசாரமும் இருந்தது. ரைனியாவின் பக்கத்து வீட்டுக்காரர், அக்லாவோஃபைட்டான். அதன் தண்டுக்குள் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. செல்லுக்குள் புகுந்து, குட்டி மரம் மாதிரி கிளைத்துக்கொண்டு... நோய்ப் பூஞ்சை இல்லைங்க. மண்ணிலிருந்து சத்தை எடுத்துச் செடிக்குக் கொடுத்துவிட்டு, செடி செய்த சர்க்கரையை வாங்கிக்கொள்கிற கூட்டாளிப் பூஞ்சை. 1994-ல் வின்ஃப்ரீட் ரெமி குழுவினர் இதை நிரூபித்தார்கள். நம் விவசாயிகளுக்கு இது புதுசில்லை. ‘வேம்’, ‘வேர் உட்பூசணம்’ என்று உயிர் உரமாக வாங்கி நாற்றங்காலில் போடுகிறார்களே, அதே ஜாதிக் கூட்டணி. வேர் என்று ஒன்று அந்தச் செடிக்கு வருவதற்கு முன்பே வேர் உட்பூசணம் வந்துவிட்டது! இன்றைக்குத் தரையில் நிற்கிற தாவர இனங்களில் பெரும்பாலானவை இந்த ஒப்பந்தத்தில்தான் பிழைக்கின்றன. ஒப்பந்தத்தின் பழைய பத்திரம் ரைனியில் இருக்கிறது.

இப்போது எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம்.

முதல் வாதம்: ‘வேர் இல்லை, இலை இல்லை. எளிமையான உடம்பு. எளிமையானது கீழ், சிக்கலானது மேல். அவ்வளவுதானே?’

அப்படியா? அம்மையார் கூந்தல் பார்த்திருக்கிறீர்களா? வேலியில் மஞ்சள் நூல் மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்கும். இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வேறொரு செடியைப் பிடித்துக்கொண்டதும் அதன் வேரும் செத்துப்போகும். பச்சைகூட அனேகமாக இல்லை. சாப்பாட்டுக்கு அடுத்தவன் உடம்பை உறிஞ்சுகிறது. ஆனால், அது பூப்பூக்கிற செடி. ஆகவே, ‘உயர்நிலை’! குளத்தில் ரவை மாதிரி மிதக்கிற உல்ஃபியாவுக்கு வேர் இல்லை, இலை இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட வராது. உலகத்திலேயே சின்னப் பூச்செடி அதுதான். அதுவும் ‘உயர்நிலை’! சொந்தமாகச் சமைத்து, சொந்தக் காலில் நின்ற ரைனியா மட்டும் கீழ்நிலை. எந்த ஊர் நியாயம் இது?

எளிமை என்பது ஏறாமல் நின்றுவிட்ட படி இல்லை. பல சமயம் அது ஏறி இறங்கி வந்து எடுத்த முடிவு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மரப்பொந்துகளிலும் பாறை இடுக்கிலும் சைலோட்டம் என்று ஒரு செடி வளர்கிறது. வேர் இல்லை; இலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை; குச்சி இரண்டிரண்டாகப் பிரிகிறது. அசப்பில் ரைனியாவேதான். ‘ஆஹா, ரைனியாவின் பேரப்பிள்ளை உயிரோடு இருக்கிறது’ என்று பல தலைமுறைகளாகப் பாடப் புத்தகங்கள் எழுதின. டி.என்.ஏ-வைப் பிரித்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அது பெரணிக் குடும்பத்துக்காரர். முன்னோர்களிடம் இருந்த வேரையும் இலையையும் விட்டுவிட்டு வந்தவர். மாஸ் மட்டும் என்ன? தரைத் தாவரங்களின் மரபணுக்களை ஒப்பிட்டு 2020-ல் வந்த ஓர் ஆய்வு, மாஸும் அதன் சொந்தக்காரர்களும் ஸ்டொமேட்டா விஷயத்தில் காலப்போக்கில் எளிமையாகியிருக்கிறார்கள் என்கிறது. நாம் ‘ஏணியின் முதல் படி’ என்று நினைத்தது, அந்த விஷயத்தில் ஏணியைக் கழற்றிவைத்துவிட்டுப் போன ஆள்.

இரண்டாவது வாதம்: ‘அழிந்துபோய்விட்டதே! தோற்றவன் கீழேதானே?’

பூமியில் இதுவரை வாழ்ந்த இனங்களில் 99 சதவிகிதத்துக்கு மேல் அழிந்துவிட்டன என்பது மதிப்பீடு. அழிந்தவனெல்லாம் கீழ்நிலை என்றால், டைனோசரை முதலில் அப்படிக் கூப்பிடுங்கள். கூப்பிடுவீர்களா? மாட்டீர்கள். அதற்கு சினிமா எடுப்பீர்கள், பிள்ளைக்கு பொம்மை வாங்கித் தருவீர்கள். அது பெரிசாக இருந்தது, பல் இருந்தது, கத்தியது. ரைனியா கத்தவில்லை. அதுதான் அது செய்த குற்றம். மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் வருஷம். தோற்றவர் யார், ஜெயித்தவர் யார் என்று தீர்ப்பு எழுத நமக்கு இன்னும் வயசாகவில்லை.

மூன்றாவது வாதம்தான் எனக்குக் கோபம் வரவைப்பது: ‘சார், இது வெறும் வார்த்தை. எதுக்கு இவ்வளவு அலட்டல்?’

வெறும் வார்த்தை இல்லை. செடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஏணி இருந்தால், எதிரே கிடக்கிற ஆதாரம்கூடத் தெரியாது. நடந்திருக்கிறது.

கனடாவில் கியூபெக் மாகாணத்தின் கடலோரத்தில் காஸ்பே என்ற இடம். மான்ட்ரியால் மெக்கில் கல்லூரியின் முதல்வராக இருந்த ஜான் வில்லியம் டாசன் அங்கே கிடைத்த பாசில்களை வைத்து, 1859-லேயே ஒரு செடியை விவரித்து ‘சைலோஃபைட்டான்’ என்று பெயர் வைத்தார். உண்மையான இலை கிடையாது. வெறும் தண்டு, இரண்டிரண்டாகக் கிளை, நுனியில் தொங்கும் ஸ்போர் பைகள். படமும் வரைந்து காட்டினார். உலகம் என்ன செய்தது? ‘இப்படியும் ஒரு செடி இருக்குமா?’ என்று ஒதுக்கிவைத்துவிட்டது. டாசன் மேலும் தப்பு உண்டு. அவருடைய வர்ணனையில் வேறு வேறு செடிகளின் துண்டுகள் கலந்துபோயிருந்தன என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால், அடிப்படை விஷயம் சரி. அதை ஒத்துக்கொள்ள ரைனிக் கல் வர வேண்டியிருந்தது. 58 வருஷம்! 1917-ல் கிட்ஸ்டனும் லாங்கும் இந்த வகைச் செடிகளுக்கு ஒரு தனிப் பிரிவையே உண்டாக்கி, டாசனின் செடியை நினைவுபடுத்தி ‘சைலோஃபைட்டேல்ஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். அதைப் பார்க்க டாசன் இல்லை. 1899-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. டாசன், டார்வினின் பரிணாமக் கொள்கையைக் கடைசி வரை எதிர்த்தவர். 1859 டார்வினின் புத்தகம் வந்த அதே வருஷம். தாவரப் பரிணாமத்துக்கு வலுவான ஒரு சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் பரிணாமத்தோடு சண்டை போட்டிருக்கிறார்.

டார்வின் மட்டும் இந்த வார்த்தையை என்ன செய்தார்? ராபர்ட் சேம்பர்ஸ் பெயர் போடாமல் 1844-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது, ‘மேல், கீழ் என்ற சொற்களை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது’ என்ற பொருளில் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். அப்புறம் அவரே தன் புத்தகத்தில் பயன்படுத்தினார் என்பது வேறு கதை. பழக்கம் அவ்வளவு கெட்டது!

இந்த ஏணி ஐரோப்பாவின் பழைய சரக்கு. கல், அதற்கு மேல் செடி, அதற்கு மேல் விலங்கு, அதற்கு மேல் மனிதன், அதற்கும் மேலே தேவதூதர்கள். பரிணாமக் கொள்கை வந்து தேவதூதர்களை மட்டும் இறக்கிவிட்டது. ஏணியை யாரும் எடுக்கவில்லை. ‘நம் தொல்காப்பியரும் ஓரறிவு, ஆறறிவு என்று அடுக்கவில்லையா?’ என்று கேட்பீர்கள். அடுக்கினார். அங்கே கணக்கு, எத்தனை அறிவு என்பது. கணக்கு வேறு, மரியாதை வேறு. வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணினால், யார் ஒசத்தி என்று அர்த்தமா?

ரைனியா விஷயத்திலும் இந்த ஏணி எத்தனை குழப்பம் பண்ணியது தெரியுமா? எல்லாத் தாவரங்களுக்கும் ஆதி மூதாதை இதுதான் என்று அதை முதல் படியில் உட்கார வைத்தார்கள். ஆனால், அதே ரைனிக் கல்லில், அதே காலத்தில், தண்டு முழுக்க இலை மாதிரி செதில்களோடு ஆஸ்டெரோசைலான் நிற்கிறது! முதல் படியும் இரண்டாவது படியும் ஒரே சேற்றில் பக்கத்துப் பக்கத்தில். ஆஸ்திரேலியாவிலோ இலையோடு பராக்வானாதியா. 1935-ல் லாங்கும் இசபெல் குக்ஸன் என்ற ஆஸ்திரேலியப் பெண் விஞ்ஞானியும் விவரித்தது. அவருடைய பெயரைத்தான் 1937-ல் லாங் குக்ஸோனியாவுக்கு வைத்தார். ஏணி இருந்தால்தானே படி? இருந்தது புதர். பல கிளைகள் ஒரே நேரத்தில் பல பக்கம் போய்க்கொண்டிருந்தன. ‘சைலோஃபைட்டேல்ஸ்’ என்ற அந்த ஒற்றைப் பெட்டியை 1968-ல் ஹார்லன் பேங்க்ஸ் மூன்றாகப் பிரித்தார்.

கிட்ஸ்டனும் லாங்கும் ரைனியாவில் இரண்டு இனம் என்று சொல்லியிருந்தார்கள். பெரியது, ‘ரைனியா மேஜர்’. பல வருஷம் மாணவர்கள் படம் போட்டுப் பாகம் குறித்த செடி. 1986-ல் டேவிட் எட்வர்ட்ஸ் அதன் குழாய் செல்களை மறுபடி பார்த்தார். ரைனியாவில் இருக்கிற சுருள் தடிப்பே அதில் இல்லை. அப்படியானால் அது அசல் வாஸ்குலார் தாவரமே இல்லை. மாஸுக்கும் அதற்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பெயரை மாற்றினார். நான் மேலே சொன்னேனே அக்லாவோஃபைட்டான், அது அந்தப் பழைய ‘மேஜர்’தான்.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். அலகாபாத் பேராசிரியர் திவ்ய தர்ஷன் பந்த். செடிகளுக்கு இரண்டு பிறவி உண்டு. ஸ்போர் தருகிற தலைமுறை ஒன்று. ஆண் அணு, பெண் அணு தருகிற தலைமுறை இன்னொன்று. ரைனிச் செடிகளின் இரண்டாவது தலைமுறை எங்கே? 1962-ல் வெளியான கட்டுரையில் பந்த் ஒரு யோசனை சொன்னார்: ‘தனித்தனி இனம் என்று நாம் நினைக்கிற சின்ன ரைனியா, பெரிய ரைனியாவின் இன்னொரு தலைமுறையாக இருக்கலாமே?’ 1980-ல் அதே எட்வர்ட்ஸ், சின்ன ரைனியாவும் ஸ்போர் தருகிற செடிதான் என்று ஆதாரம் காட்டினார். பந்தின் விடை தப்பு. ஆனால், கேள்வி சரி! அதற்கப்புறம் ஜெர்மனியின் மூன்ஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் அதே கல்லில் அந்தத் தலைமுறையையும் கண்டுபிடித்தார்கள். நிமிர்ந்து நிற்கிற குட்டிச் செடிகள். ஆண் தனி, பெண் தனி.

கவனித்தீர்களா? இத்தனை பேர் தப்பு செய்திருக்கிறார்கள். திருத்தியும் இருக்கிறார்கள். கல் சொன்னதைக் கேட்டுப் பெயரை மாற்றினார்கள், பெட்டியை உடைத்தார்கள், பேரப்பிள்ளை உறவை வெட்டினார்கள். திருந்தாதது ஒன்றே ஒன்று. ‘கீழ்நிலை’ என்ற வார்த்தை.

அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ஒரு கணக்கு சொல்கிறேன். வட ஐரோப்பாவில், ஆசியாவில், கனடாவில் பீட் நிலம் என்று உண்டு. ஸ்ஃபாக்னம் என்கிற மாஸ் பல்லாயிரம் வருஷமாக வளர்ந்து, மட்காமல் கீழே கீழே சேர்ந்து உண்டான கரிச் சதுப்பு. இந்த மாதிரி நிலங்கள் எல்லாம் சேர்த்து உலகத் தரைப்பரப்பில் சுமார் 3 சதவிகிதம்தான். ஆனால், உலகத்தின் எல்லாக் காடுகளும் மரங்களில் சேர்த்துவைத்திருப்பதைவிட அதிகமான கார்பனை அவை பிடித்துவைத்திருக்கின்றன. மனிதர்கள் அதை என்ன செய்தார்கள்? ‘வெறும் பாசிபிடித்த சகதி’ என்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். காயவைத்து அடுப்பில் எரித்தார்கள். காட்டை வெட்டினால் கூச்சல் போட நாலு பேராவது வருவார்கள். மரம் ஒசத்தி அல்லவா! மாஸுக்கு யார் வருவார்கள்? அது கீழ்நிலை. தண்ணீர் வடிந்த பீட் நிலம் பல ஆயிரம் வருஷச் சேமிப்பைப் புகையாகத் திருப்பிக் கொடுக்கிறது. அந்தச் சூடு அமேசானுக்கு மட்டும் இல்லை, அண்ணாநகருக்கும்தான்.

கீழே என்று சொல்லிவிட்டால் கண்ணில் படாது என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். இதுதான் அது.

‘சரி, அப்போ என்னதான் சொல்றது?’ கஷ்டமே இல்லை. இருப்பதைச் சொன்னால் போதும். விதை இல்லாதவை என்றால் ‘விதையில்லாத் தாவரங்கள்’. பூ இல்லாதவை என்றால் ‘பூவாத் தாவரங்கள்’. இந்தச் சொல் நம் பாடத்திலேயே இருக்கிறது. முன்னால் வந்தது என்றால் ‘முந்தைய’, காலத்தால் பழசு என்றால் ‘தொன்மையான’. இதில் எல்லாம் ஒரு தகவல் இருக்கிறது. ‘கீழ்நிலை’யில் தகவல் ஒன்றும் இல்லை. சொல்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

பாடநூல் எழுதுகிறவர்களே, வகுப்பில் நிற்கிற ஆசிரியர்களே, அடுத்த முறை அந்த வார்த்தை பேனா நுனிக்கு வந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். பெற்றோர்களே, பிள்ளை அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தால், ‘யாருக்குக் கீழே?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராது. ஏனென்றால், பதில் கிடையாது.

டாக்டர் மேக்கிக்கு முன்னால் அந்தச் சுவரைத் தாண்டிப் போனவர்கள் எத்தனை பேரோ! விவசாயி போயிருப்பார், ஆடு போயிருக்கும், படித்த பெரிய மனிதர்களும் போயிருப்பார்கள். எல்லோருக்கும் அது சாதாரணக் கல். ஒருத்தர் மட்டும் நின்று, குனிந்து பார்த்தார். அடுத்த மழையில் உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பச்சையாக ஏதாவது பிடிக்கும். சுரண்டி எறிவதற்கு முன்னால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். குனிகிறபோது தெரிந்துவிடும், கீழே என்பது நாம் நின்ற இடத்தைப் பொறுத்த விஷயம் என்று.